தோற்ற கதையையும் எழுத விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காவிரிக் கடைமடையில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். வேலையில் சேர்ந்து 18 வருடம் ஆகிறது. எங்கள் பக்கம் இது செயலாய்வு அறிக்கை கொடுக்கும் காலம். சாயங்காலம் கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்குப் போனால் நாலைந்து டீச்சர்களாவது ஸ்பைரல் பைண்டிங் போடக் காத்திருப்பார்கள். அந்த அறிக்கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக மனதில் இருக்கிறது.

செயலாய்வு என்ற சொல் ஆசிரியர் அல்லாதவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். விஷயம் எளியது. பிள்ளைகளுக்கு ஏதோ ஒன்று வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஆசிரியரே கவனித்து, வேறு ஒரு வழியை யோசித்து, கொஞ்ச நாள் நடத்திப் பார்த்து, என்ன ஆனது என்று குறித்துக்கொண்டு, அதை வைத்து மறுபடி யோசிப்பது. ஊருக்கெல்லாம் பொருந்தும் உண்மையை நான் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. என் வகுப்புக்குப் பொருந்தினால் போதும். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த உளவியலாளர் கர்ட் லெவின் 1946-இல் எழுதிய கட்டுரையில், திட்டமிடுவது, செய்வது, நடந்ததைப் பார்ப்பது, மறுபடி திட்டமிடுவது என்று சுற்றிச் சுற்றி ஏறும் பாதையாக இதை விவரித்தார். வெறும் புத்தகங்களை மட்டும் உண்டாக்கும் ஆராய்ச்சி போதாது என்றும் அதில் எழுதியிருக்கிறார். 1950-களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஸ்டீபன் கோரி இதைப் பள்ளி ஆசிரியர்களின் கைக்குக் கொண்டுவந்தார். பி.எட். தேர்வுக்காக இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்தபோது எனக்கு அவை ஐந்து மதிப்பெண் வினா, அவ்வளவே.

நம் நாட்டில் 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டந்தோறும் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் வந்தபோது, பயிற்சி கொடுப்பதோடு செயலாய்வையும் அவற்றின் வேலையாக வைத்தார்கள். நல்ல எண்ணம்தான். வகுப்பறையில் இருப்பவருக்குத்தான் வகுப்பறை தெரியும் என்ற மரியாதை அதில் இருந்தது. ஆனால் என் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு படிவம்தான். தலைப்பு, முன்னுரை, சிக்கல், கருதுகோள், முன்தேர்வு, செயல்பாடுகள், பின்தேர்வு, சராசரி, பட்டை வரைபடம், முடிவு. இந்த வரிசையில் 40 பக்கம். இத்தனை வருடத்தில் நான் புரட்டிப் பார்த்த அறிக்கைகளில் ஒன்றில்கூட பின்தேர்வுச் சராசரி முன்தேர்வைவிடக் குறைந்ததில்லை, சமமாக நின்றதுமில்லை. எந்த ஊர்ப் பள்ளியில், எந்த முறையைக் கையாண்டாலும், யார் கையாண்டாலும் வெற்றிதான். கணக்கு டீச்சராக இருந்துகொண்டு இதை நம்ப முடியவில்லை.

நானும் இதைச் செய்தவள்தான். 2017-இல் நேரம் இல்லை என்று தோழி ஒருத்தியின் அறிக்கையை வாங்கி, ஊர்ப் பெயரை மாற்றி, எண்களைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுத்தேன். வாய்பாடு பற்றியது. யாரும் எதுவும் கேட்கவில்லை, சான்றிதழ் வந்தது. அந்தச் சான்றிதழை இன்றுவரை எந்தக் கோப்பிலும் வைக்க மனம் வரவில்லை.

2023 ஜூனில் 6-ஆம் வகுப்புக்கு வந்த பிள்ளைகள்தான் என்னை மாற்றினார்கள். அந்தத் தொகுதிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியபோது அவர்கள் 2-ஆம் வகுப்பு. 3-ஆம் வகுப்பு முழுக்க வீட்டில். 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது 4-ஆம் வகுப்பில் பாதி போய்விட்டது. 2022-இல், விட்டுப்போன அடிப்படை எழுத்தையும் கணக்கையும் சொல்லிக்கொடுக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்தது. இவர்கள் அப்போது 5-இல். அடுத்த வருடம் அதை 4, 5-ஆம் வகுப்புகளுக்கு விரித்தார்கள். இவர்கள் 6-க்கு வந்துவிட்டார்கள். கடைமடைக்காரர்களுக்கு இது புரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நம் வாய்க்காலுக்கு வரும் நேரம் பார்த்து மதகை இறக்கிவிடுவார்களே, அதேதான் இந்தப் பிள்ளைகளுக்கும் நடந்தது. யாரையும் குறை சொல்லவில்லை. அந்த 29 பேருக்கு அப்படி அமைந்துவிட்டது.

ஜூன் கடைசியில் 10 கழித்தல் கணக்குகள் கொடுத்தேன். கடன் வாங்கிக் கழிக்கும் கணக்குகளில் 21 பேர் தவறினார்கள். உதாரணத்துக்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். 62-இல் 27 போனால் 35. தவறிய 21 பேரில் 17 பேர் 45 என்று எழுதியிருந்தார்கள். 17 பேரும் ஒரே விடை எழுதினால் எல்லோருக்கும் ஒரே நோய்தான் என்று யாரும் நினைப்பார்கள். நானும் நினைத்தேன். மேலே 2, கீழே 7 இருக்கிறது, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 5 போட்டுவிட்டு, அடுத்து 6-இல் 2 போனால் 4 என்று எழுதிவிட்டார்கள். இடமதிப்பு புரியவில்லை. எனவே குச்சிக்கட்டு வைத்து நடத்தலாம் என்று முடிவு செய்தேன்.

தென்னை ஈர்க்கைத் துண்டு துண்டாக நறுக்கி, பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். பிள்ளைகளே கட்டினார்கள். தினமும் 20 நிமிடம், மூன்று வாரம். தலைமை ஆசிரியர் அந்த நேரத்தில் என் 7-ஆம் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் இதில் எதுவுமே நடந்திருக்காது. குச்சியை வைத்துச் செய்யும்போது அழகாகச் செய்தார்கள். ஒரு கட்டைப் பிரிப்பார்கள், எண்ணுவார்கள், சரியாக 35 வரும். எனக்கு நிறைவாக இருந்தது. மூன்று வாரம் கழித்து நோட்டில் தேர்வு வைத்தேன். 21 பேர் தவறிய இடத்தில் இப்போது 18 பேர் தவறினார்கள். மூன்று வாரத்தில் தேறியது மூன்று பிள்ளைகள்.

படிவம் இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. இந்த 18 என்ற எண்ணை எழுத அதில் இடம் இல்லை. பொறுப்பில் இருந்த ஒருவரிடம் அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். "பின்தேர்வுல ஏத்தமே இல்லையேம்மா, இத எப்படி மேல அனுப்புறது? இன்னொரு டெஸ்ட் வச்சு எழுதிட்டு வாங்க" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு மேல் ஒரு படிவம் இருப்பதுபோல் அவருக்கும் மேலே ஒரு படிவம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்காரவைத்து, "போடும்போது மனசுல என்ன சொல்லிக்கிறியோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போடு" என்றேன். ஒருவருக்கு 5 நிமிடம் என்றாலும் 29 பேருக்கு 145 நிமிடம். மதிய உணவு நேரத்திலும் பள்ளி விட்ட பிறகும் ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளில் கற்றுக்கொண்டதை அதற்கு முந்தைய 15 வருடத்தில் கற்றுக்கொள்ளவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

45 என்று எழுதிய 17 பேரில் 8 பேர்தான் நான் நினைத்தபடி பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர்கள். இன்னும் 6 பேர் ஒழுங்காகக் கடன் வாங்கினார்கள், 12-இல் 7 போக 5 என்று சரியாகவே போட்டார்கள். ஆனால் 6-ஐ 5 ஆக்க மறந்து, 6-இல் 2 போக 4 என்றார்கள். அதுவும் 45. மீதி மூன்று பேர் செய்ததை நான் கனவிலும் நினைக்கவில்லை.

அந்த மூவரில் ஒரு பெண், ஜன்னல் ஓரம் உட்காருபவள், மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே போட்டாள். "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல ஒண்ணு கடன் வாங்கு, பன்னெண்டு, அதுல ஏழு போனா அஞ்சு. ஆறு அஞ்சாச்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு." எல்லாம் சரி. 35 எழுதப்போகிறாள் என்று நினைக்கும்போது கையை நிறுத்தி, "கடன் ஒண்ணத் திருப்பிக் குடுத்தா நாலு" என்று 45 எழுதினாள்.

"எதுக்கும்மா திருப்பிக் குடுத்த?" என்றேன்.

"கடன் வாங்குனா திருப்பிக் குடுக்கணும்ல டீச்சர்?" என்றாள். கொஞ்சம் நேரம் கழித்து, "குழுக் கடன் கட்டலைன்னா வீட்டு வாசல்ல வந்து உக்காந்துருவாங்க" என்றாள்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்து எங்கள் பக்கம் கூரையெல்லாம் போனது. வீட்டை மறுபடி எழுப்பக் குழுக் கடன் வாங்கியவர்கள் ஏராளம், இவள் அம்மாவும் ஒருத்தி. வாரா வாரம் தவணைக்காரர் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குக் கடன் என்றால் என்ன என்று என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதது எனக்குத்தான். 15 வருடமாக, திருப்பித் தராத ஒன்றுக்குக் கடன் என்று பெயர் சொல்லி நடத்திக்கொண்டிருந்தேன். என் டீச்சர் எனக்கு அப்படிச் சொன்னார், நானும் அப்படியே சொன்னேன். அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை, நான் சொன்ன வார்த்தையை நம்பினாள்.

மூன்று வேறு வேறு காரணங்கள், ஒரே விடை. இதில் என் பங்கும் உண்டு. இரண்டுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் 5. 12-இல் 7 போனாலும் 5. அதனால்தான் எந்த வழியில் தவறினாலும் 45-இல் வந்து முடிந்தது. 62-இல் 28 என்று கொடுத்திருந்தால், பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பவர்கள் 46 எழுதுவார்கள், குறைக்க மறந்தவர்கள் 44 எழுதுவார்கள், சரியான விடை 34. ஆளைப் பிரித்துப் பார்த்திருக்கலாம். அப்போதும் மறந்தவனும் திருப்பிக் கொடுத்தவளும் ஒரே 44-தான் எழுதுவார்கள். அந்த இரண்டு பேரையும் இந்த மாதிரிக் கணக்கின் விடையை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து காதால் கேட்டால்தான் உண்டு.

குச்சிக்கட்டு ஏன் தோற்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. மூன்று நோய்க்கு ஒரே மருந்து கொடுத்திருக்கிறேன். அதோடு குச்சியைப் பிரிக்கும்போதும் "கடன் வாங்கு, கடன் வாங்கு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்டில் மறுபடி தொடங்கினேன். கடன் என்ற வார்த்தையை வகுப்பில் அடியோடு நிறுத்தினேன். அதற்குப் பதில் சில்லறை மாற்றுவது. பழைய நோட்டு அட்டைகளில் 100, 10, 1 என்று எழுதி வெட்டினோம். கையில் ஆறு பத்து ரூபாயும் இரண்டு ஒரு ரூபாயும் இருக்கிறது, கடைக்காரருக்கு 27 ரூபாய் கொடுக்க வேண்டும். ஏழு ரூபாய்க்கு ஒரு ரூபாய்கள் போதவில்லை. ஒரு பத்தைச் சில்லறை மாற்று. இப்போது பத்து ரூபாய்த் தாள் ஐந்துதான், ஒரு ரூபாய் பன்னிரண்டு. சில்லறை மாற்றினால் கையில் இருக்கும் பணம் கூடுவதும் இல்லை குறைவதும் இல்லை, யாருக்கும் எதையும் திருப்பித் தரவும் வேண்டாம். ஒரு தாள் போய்விட்டது கண்ணுக்குத் தெரிவதால் 6-ஐ 5 ஆக்க மறப்பவர்களும் குறைந்தார்கள். மளிகைக் கடைக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு இதில் சொல்லிக்கொடுக்கவே ஒன்றும் இல்லை.

பூஜ்யம் வரும் கணக்குகளில் எனக்கே ஆச்சரியம். 503-இல் 278. இதற்கு முன் வருடா வருடம் "பக்கத்து வீட்டில் இல்லை, அடுத்த வீட்டில் கடன் வாங்கு" என்று கதை சொல்லித் தொண்டை காய்ந்திருக்கிறேன். இப்போது ஒரு பையன் தானாகச் சொன்னான்: "பத்து ரூபா இல்ல டீச்சர், நூறு ரூபாயத்தான் மாத்தணும். பத்துப் பத்து ரூபா வரும், அதுல ஒண்ண மறுபடி மாத்துவேன்." 225 என்று எழுதிவிட்டுப் போய்விட்டான்.

இந்த முறை நோட்டில் போடும்போதும் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே போடச் சொன்னேன். அட்டை ஒரு பக்கம், நோட்டு ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கவில்லை. அக்டோபரில் அதே மாதிரித் தேர்வில் 7 பேர் தவறினார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பேருக்கு 12-இல் 7 போனால் எவ்வளவு என்பதே விரல் விட்டாலும் வரவில்லை. அவர்களுக்குச் சில்லறை மருந்து இல்லை, அதற்கும் முந்தைய பாடம் வேண்டும். இரண்டு பேர் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்ப் பாதி நாள் பள்ளிக்கே வரவில்லை. ஒரு பையன் ஏன் தவறுகிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இத்தனையையும் எழுதிக் கொடுத்தேன், 11 பக்கம். முதல் சுற்றின் 18-ஐயும் எழுதினேன், என் வார்த்தை செய்த கோளாறையும் எழுதினேன், அந்த ஒரு பையனைப் பற்றியும் எழுதினேன். கருதுகோள் இல்லை, பட்டை வரைபடம் இல்லை, பக்கம் போதாது என்று திரும்பி வந்தது. வரைபடம் சேர்த்தேன். முதல் சுற்றை எடுத்துவிட்டால் ஓட்டமாக இருக்கும் என்றார்கள். அதை எடுக்க மாட்டேன் என்றேன். அந்தக் கோப்பு இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு நகல் இருக்கிறது.

நான் கேட்பது இதுதான். செயலாய்வுப் படிவத்தில் "எது நடக்கவில்லை, ஏன்" என்று ஒரு பகுதி வேண்டும். அது வெறும் கட்டமாக இல்லாமல் முதலில் படிக்கப்படும் பக்கமாக இருக்க வேண்டும். முதல் சுற்று தோற்றதுதான் என்னைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்காரவைத்தது. முதல் சுற்றிலேயே 21 என்பது 5 ஆகியிருந்தால் அந்தப் பெண்ணின் குரலை நான் கேட்டிருக்கவே மாட்டேன், அடுத்த வருடமும் கடன் வாங்கச் சொல்லிக்கொண்டிருப்பேன். தோற்றதை அழிக்கச் சொல்லும்போது எந்த இடத்தில் கற்றுக்கொண்டோமோ அந்த இடத்தையே அழிக்கச் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னபோது ஒரு மூத்த ஆசிரியர், என் மதிப்புக்குரியவர், "தோத்தத எழுத விட்டா வேல செய்யாதவங்களுக்கு அதுவே சாக்காயிடும்மா" என்றார். அதையும் யோசித்துப் பார்த்தேன். வேலை செய்யாமல் எழுதுபவர்கள் இன்று வெற்றி என்றுதான் எழுதுகிறார்கள். அதை 2017-இல் நானே செய்து காட்டியிருக்கிறேன். வெற்றியைக் கற்பனையில் எழுதுவது சுலபம், நான்கு எண்களை மாற்றினால் போதும். ஏன் தோற்றது என்று எழுத வேண்டுமென்றால் ஒரு பிள்ளை என்ன சொன்னது என்று எழுத வேண்டும். அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்காராமல் அதை எழுத முடியாது.

இன்னொன்று, எழுதியதைப் படிக்க ஆள் வேண்டும். மேலதிகாரி படிப்பதைச் சொல்லவில்லை, பக்கத்துப் பள்ளிக் கணக்கு டீச்சர் படிக்க வேண்டும். சனிக்கிழமைகளில் குறுவள மையத்தில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்களுக்கான கூட்ட இடத்தில், கூடுகிறோம். வீடியோ பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், செயலியில் வருகையைப் பதிகிறோம். அதில் அரை மணி நேரத்தை எங்களுக்கு விடுங்கள். ஒருவர் ஒரு பிள்ளையின் நோட்டைக் கொண்டுவரட்டும், விடை தவறிய ஒரு பக்கம் போதும். இது ஏன் இப்படி ஆனது என்று பத்துப் பேர் சேர்ந்து யோசித்தால் 40 பக்க அறிக்கையில் கிடைக்காதது கிடைக்கும். என் சில்லறை அட்டை வேறு எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. என் பள்ளிக்கு நான்கு கிலோமீட்டரில் இருக்கும் டீச்சர் இன்றைக்கும் கடன் வாங்கச் சொல்லித்தான் நடத்துவார். அவர் வகுப்பில் குழுக் கடன் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேரோ. அதுபோல அவர் கண்டுபிடித்த ஒன்று எனக்கும் வந்து சேராமலே இருக்கும்.

பக்கக் கணக்கையும் விட்டுவிடலாம். நாலு பக்கம் போதும்.

அந்தப் பிள்ளைகள் இப்போது 8-ஆம் வகுப்பில் இருக்கிறார்கள். ஜன்னல் ஓரப் பெண் இயற்கணிதத்தில் வகுப்பிலேயே முதல். எனக்குப் பிடிபடாத அந்தப் பையனும் 62-இல் 27 சரியாகப் போடுகிறான். 60-இல் 27 கேட்டால் ஒரு நாள் 33, ஒரு நாள் 40. வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் "தோணுச்சு டீச்சர்" என்கிறான். 40 எப்படி வருகிறது என்று எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. பூஜ்யத்தில் ஏழு போகாது, அதனால் பூஜ்யம் என்று விட்டுவிடுகிறானோ என்னவோ. ஆனால் அப்படியானால் 33 ஏன் வருகிறது? அவன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் டீ குடிக்கும் நேரத்தில் பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் இரண்டு பேரிடம் காட்டிக் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கு ஆசிரியை,
காவிரிக் கடைமடை.
(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)